இடப்பக்கத்துப் பற்கள்

செங்கல்பட்டில் ஒரு பம்புசெட் பட்டறையில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் மர மேஸ்திரி ஒருவரிடம் சேர்ந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. தன்னை மரம் வெட்டுகிறவன் என்று யாராவது சொன்னால் மேஸ்திரிக்குப் பிடிக்காது. வீட்டின்மேல் சாய்ந்த கிளையைக் கழிப்பது, கரண்ட் கம்பியில் உரசும் கொம்புகளை எடுப்பது, உளுத்துப்போன பொந்தைச் சுரண்டித் தார் பூசி சிமெண்டால் அடைப்பது, இவைதான் அவர் வேலை. மரத்துக்கு வைத்தியம் என்பார்.

அவர் ஏதோ ஏலத்தில், பல்வைத்த செயின் சுற்றிச் சுற்றி மரத்தை அறுக்கும் ஒரு இஞ்சின் ரம்பத்தை எடுத்து வந்திருந்தார். அது ஓடவில்லை. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். டேங்க் முழுக்கத் துரு. கார்புரேட்டரில் பழைய எண்ணெய் பிசின்போல் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்டார்ட்டர் கயிறு அறுந்து, பிளக் கரியாகக் கிடந்தது. நான் ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கேலண்டர் அட்டையில் கேஸ்கெட் வெட்டி, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி இழுத்தேன். ஒன்பதாவது நாள் அது உறுமியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி என் முதுகில் தட்டினார். இந்த மெஷினை இனி நான்தான் பிடிக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேஸ்திரி அதைத் தூக்கி இன்னொருவன் கையில் கொடுத்தார்.

அவன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். என் வயதுதான் இருக்கும். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன், அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுக் கரையேறி வந்துவிட்டான். முடிச்சு போடுவதில் அவனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. இடுப்பில் ஒரு கயிறு, கிளையில் ஒரு கயிறு, மெஷினுக்குத் தனியாக ஒரு கயிறு. ஏறி உட்கார்ந்தான் என்றால் மரத்தோடு முளைத்தவன்போல் இருப்பான். வெட்டிய கிளை தடாலென்று விழாது. கயிற்றில் தொங்கி, ஓட்டின்மேல் ஒரு இலைகூட உரசாமல் கீழே இறங்கும். அந்தக் காலத்தில் இஞ்சின் ரம்பத்தை யாரும் பார்த்ததில்லை. அவன் மரத்தில் ஏறினால் கூட்டம் கூடிவிடும். கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவனை நிற்கவைத்துப் போட்டோகூட எடுத்தார். மெஷின் அவன் தோளில் இருந்தது. நான் இரண்டடி தள்ளி எண்ணெய் டப்பாவோடு நின்றேன். என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிக் கை காட்டினார்.

இந்தச் சேதி என் மனைவி வரைக்கும் போயிருந்தது. அவள் புதுப்பட்டினத்துப் பெண். அம்மா வீட்டுக்குப் போய் வந்தவள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கயித்துல தொங்கிகினே மெஷினால வெட்றாராமே ஒருத்தர்? உங்க கூடத்தானே வேலை செய்றாரு?"

"ஆமா."

"நீங்க இன்னா பண்றீங்க?"

"அந்த மெஷினை ஓட வைக்கிறதே நான்தான்."

"அது கீழயா?" என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

அதன்பிறகு அவன் என்ன செய்தாலும் எனக்கு எரிந்தது. டீக்கடையில் முதல் கிளாஸ் அவனுக்குப் போனால் எரிந்தது. அவன் மேலே இருந்து, "மச்சான், சூப்பரா ஓடுது மெஷினு" என்று கத்துவான். மனதாரத்தான் சொல்வான். அதுவும் எரிந்தது. ராஜா வண்டிக்காரனைத் தட்டிக்கொடுப்பதுபோல் எனக்குப் படும்.

ஒருநாள் மேஸ்திரி என்னிடம், "செயினுக்கு அரம் போட அவனுக்கும் சொல்லிக் குடு. மரத்து மேல இருக்கும்போது மழுங்கினா அங்கயே தீட்டிக்கட்டும்" என்றார்.

அந்தச் செயினில் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வில், ஒரே அளவு அரம் போட வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் ரம்பம் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போகும். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தான். வலப்பக்கத்துப் பல்லுக்கு நான்கு இழுப்பு சொல்லிக் கொடுத்தேன். இடப்பக்கத்துக்கு இரண்டு போதும் என்றேன்.

"ஏன் மச்சான், அது மட்டும் கம்மி?"

"அப்படித்தான் அது. வெளிநாட்டு மெஷின்."

அவன் தலையாட்டினான். அந்த உருட்டு அரத்தை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். சொன்னதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை என்று இப்போது எழுதினால் பொய். திருத்த வேண்டும் என்றே தோன்றவில்லை.

அந்த வாரம் மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் பாதி சமையற்கட்டின் ஓட்டின்மேல் கிடந்தது. முதல் நாள் சின்னக் கிளைகள். ரம்பம் கோணலாகப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் கையைத்தான் சந்தேகப்பட்டான். இறங்கி வந்து மணிக்கட்டை உதறிக்கொண்டே இருந்தான். "இன்னான்னு தெரியல, கை இழுக்குது" என்றான். தினமும் அரம் போட்டான், நான் சொன்ன கணக்கிலேயே. நாளுக்கு நாள் மோசமானது.

நான்காம் நாள் பெரிய கிளை. அடியில் ஒரு வெட்டு போட்டுவிட்டு மேலிருந்து அறுத்தான். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் சேரவில்லை. கிளை பாதியில் கிழிந்து, நார் பிய்ந்து, அடிப்பக்கம் எகிறி மரத்தில் மோதியது. அவன் தொடைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. கிளையைக் கட்டிய கயிறு தாங்கியது. ஆனாலும் நுனி போய் ஓட்டில் விழுந்து ஏழெட்டு ஓடுகள் நொறுங்கின. சமையற்காரர் பாத்திரத்தோடு வெளியே ஓடி வந்தார்.

மேஸ்திரி அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திட்டினார். "குடிச்சிட்டு ஏறினியா?" என்றுகூடக் கேட்டார். அவன் குடிக்கிறவன் இல்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதலில் சந்தோஷம்தான். அது கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மரத்தில் அவன் தொடை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்தேன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நாளைக்கி நீ ஏறு. மெஷினு உனக்குத்தான் தெரியும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செயினைக் கழற்றி ஒவ்வொரு பல்லாக, இரண்டு பக்கமும் சமமாக, எல்லாம் ஒரே மாதிரி மின்னும்வரை தீட்டினேன்.

மறுநாள் காலையில் ஏறினேன். அவனே எனக்கு இடுப்புக் கயிறு கட்டிவிட்டான். முதல் கிளை வெண்ணெய்போல் அறுந்தது. கீழே விடுதிக்காரர்கள் நான்கைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அங்கே இருந்திருந்தால் என்று நினைத்தேன். இரண்டாவது கிளையில் பாரம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. பாதி அறுத்ததும் கிளை அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இஞ்சின் இருமி நின்றது. இழுத்தேன், வரவில்லை. கீழே பார்த்தேன். தரை ஆடியது. மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

யாரும் கூப்பிடாமலே அவன் ஏறி வந்தான். முதுகில் கைரம்பம் தொங்கியது.

"கீழ பாக்காத. என் தோளைப் பாரு" என்றான். "மூச்சு விடு. ஒண்ணும் ஆவல."

என் கயிற்றை மேலே ஒரு கவட்டையில் மாற்றிக் கட்டி, என் காலைப் பிடித்து ஒவ்வொரு கிளையாக வைக்கச் சொல்லி இறக்கிவிட்டான். நான் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அவன் மறுபடி மேலே போய், கைரம்பத்தால் கிளையைத் தளர்த்தி மெஷினை விடுவித்தான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, மிச்சத்தை அறுத்தான். நேராக இறங்கியது. இன்னொரு கிளையையும் அறுத்துப் பார்த்தான். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, மேலேயே உட்கார்ந்து செயினை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனான். மணலில் உட்கார்ந்தோம்.

"இன்னிக்கி நேரா போவுது. நேத்து ஏன் போவல?"

நான் மணலைப் பார்த்தேன்.

"இடது பல்லும் வலது பல்லும் இன்னிக்கி ஒரே மாதிரி கீது. நீ எனக்கு அப்படிச் சொல்லித் தரல."

"தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்குடா?"

"எல்லாரும் உன்னையே பாத்துகினு இருக்காங்க. எனக்குத் தாங்கல."

"நாலு நாளா என் கையைத் திட்டினு இருந்தேன்டா" என்றான். "பொண்டாட்டி கிட்டகூட சொல்லி அழுதேன், கை போயிடுச்சுன்னு." எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

மேஸ்திரியிடம் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உடைந்த ஓடுகள் கடைசிவரை அவன் தவறாகவே இருந்தன. அவனோடு இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்தேன். அந்த இரண்டு வருஷமும் ஏறுவதற்குமுன் என் கையிலிருந்து மெஷினை வாங்கி, என் எதிரிலேயே ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். கோபம் எதுவும் முகத்தில் இருக்காது. மச்சான் என்று மட்டும் அதன்பிறகு கூப்பிடவில்லை. போகப்போக என்னைவிட நன்றாக அரம் போடவும் பழகிக்கொண்டான். சவுக்குத் தோப்புக்காரர்கள் தங்கள் கைரம்பங்களை அவனிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் செயினைத் தடவிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கும். அவர்கள் அவனைத் தேடி வரும்போது எனக்கு மறுபடி எரியும்.

பிறகு அண்ணன் தம்பி சமாதானமாகி, சேர்ந்து ஒரு இஞ்சின் படகு எடுத்தார்கள். அவன் கடலுக்கே திரும்பிவிட்டான். மேஸ்திரி வேறு ஒருவனை ஏற்றினார். அவன் சுமாரான ஆள். கூட்டம் கூடவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வேலைக்குப் போகவே சலிப்பாக இருந்தது.

ஒருமுறை புதுப்பட்டினம் சந்தையில் அந்தக் குப்பத்துக்காரனைப் பார்த்தேன். நலம் விசாரித்தான். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டான். நன்றாக ஓடுகிறது என்றேன். படகு இஞ்சினில் ஏதாவது கோளாறு வந்தால் சொல்லியனுப்பு, வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அது, என்றாவது அவனைப் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று மனதில் கட்டிவைத்திருந்த வார்த்தை.

"கார்புரேட்டரு, பிளக்கு எல்லாம் நானே பாத்துக்கிறேன்" என்றான். "நீ பண்றதைப் பாத்துதான் கத்துக்கினேன்."

பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவன் சொன்னது வீட்டுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் என் காதில் விழுந்தது.