பிளேயரின் கண்

வெள்ளவத்தையில் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப்போன கடையில் ஸ்பிரிட் மணத்தது. நாற்பதைத் தொட்ட என் கால்கள் சிறுவனுடையவைபோலப் பரபரத்தன. முன்பு அதே இடத்தில், ஈயப்புகையும் பாதியில் நின்ற பாட்டுகளுமாக, ரவி பாஸின் ரிப்பேர் கடை இருந்தது.

அண்ணா கனடாவுக்குப் போனபின் அம்மா அவனைக் கண்டதேயில்லை; அப்போது அவனுடைய கலியாண டிவிடி வந்திருந்தது. எங்கள் பிளேயர் சீடியைப் பாடியது, டிவிடியை மட்டும் வெளியே தள்ளியது. அதைப் பாஸிடம் கொண்டுபோனோம்; நான் கடை வாசலுக்கும் அவரின் மேசைக்குமாக அலைந்தேன்.

பிளேயருக்குள் இருந்த லென்ஸை ஸ்பிரிட்டால் துடைத்த பாஸ், "கண் பழுது அக்கா. சீடி தெரியுது, டிவிடி தெரியேல்ல" என்றார்.

"கண்ணூறுதான்! மேல்வீட்டுக்காரி பார்த்த பார்வை அப்பிடி" என்ற அம்மா, என்னை ஓடவிட்டுக் காய்ந்த செத்தல் மிளகாய் வாங்கி, கண்ணூறு கழியப் பிளேயரை அதனால் சுற்றினார். பாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுக் கண் பூட்டினார்.

திரையில் மாலையோடு அண்ணா வந்தான். அம்மா இமைக்கவேயில்லை, கை மட்டும் என் பக்கம் நீண்டது.

"மிச்ச மிளகாயைத் தாடா."