பூஜைக் கூண்டுகள்

காலை ஏழரைக்குக் கூண்டைத் திறந்து, பெண் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, "என்னடி, ஆச்சா?" என்று விசாரிப்பாள் வத்சலா. இரவு ஆணோடு சேர்ந்த அடையாளம் இருந்தால் கூண்டு அட்டையில் தேதி ஏறும். அன்றைக்குக் கருவின் வயது பூஜ்யம். நண்பகலானால் அரை நாள். முகூர்த்த நேரத்தைக் கூட யாரும் இவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள்.

அப்பா ரயில்வே, வீடு கொல்கத்தாவின் கார்டன் ரீச். முரி என்கிற வங்காளப் பொரியில் மிளகாய்ப்பொடி பிசைந்து தின்றுகொண்டே ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். எலிக் கருவில் கண் உருவாகும்போது, மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் பாக்ஸ்-6 என்ற புரதம் எப்போது தலைகாட்டுகிறது என்பதுதான் விஷயம். நுண்ணோக்கியில் அது பச்சையாக ஒளிரும். கண்ணில் மட்டும் வேலை செய்யும் ஒரு மரபணுவை மாற்றிய எலிகளில் அந்தப் பச்சை ஒரு நாள் தாமதம் என்று கண்டுபிடித்திருந்தாள். ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.

போன வாரம், அச்சுக்குக் கொடுக்கக் கருவின் படங்களைப் பெரிதாக்கியபோது ஒன்று உறுத்தியது. மாற்றிய எலிகளின் பத்தரை நாள் கருவில், அதற்குள் முளைத்திருக்க வேண்டிய பின்னங்கால் மொட்டைக் காணோம். "கண்ணுலதானே மாத்தினோம், காலுக்கு என்ன வந்தது?"

விலங்குக்கூடத்துக்கு ஓடினாள். மாற்றிய எலிகள் அத்தனையும் துர்கா பூஜை விடுமுறையில் சேர்ந்தவை. அந்த நான்கு நாளும் பார்த்துக்கொண்டவர் பராமரிப்பாளர் தபன்தா. அட்டையில் தேதிக்குப் பதில் கருவின் வயதை நாள்தோறும் எழுதியிருந்தார்; விடுமுறை முடிந்து வந்த வத்சலா அதிலிருந்தே மேலே எண்ணியிருந்தாள். பூஜை நாட்களை எண்ணுவது போலவே, அடையாளம் கண்ட நாளை ஒன்று என்று எண்ணிவிட்டார். கருக்கள் ஒரு நாள் இளசு. தாமதமாவது ஒன்றாவது!

"கார்டு எழுதினது அவர். யாருக்குத் தெரியப்போறது? ஃபெலோஷிப் இன்னும் மூணு மாசம்தான், விட்டுடேன்" என்றாள் உடன் ஆராயும் மதுவந்தி.

"எனக்குத் தெரியுமே. கேக்காம நம்பினது நான்தானே? மறுபடி பண்ணிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கழிவறையில் போய்க் கால் மணி நேரம் அழுதாள். அழுத கையோடு அந்த அத்தியாயத்தை அழித்தாள். எலிகளைப் புதிதாகச் சேர்த்து விட்டாள்.

மறுநாள் ஏழரைக்கு மூன்றாவது கூண்டில் அடையாளம் தெரிந்தது. விஷயம் தெரிந்துவிட்ட தபன்தா தலை குனிந்தபடி ஓரமாக நின்றிருந்தார். "தபன்தா, இங்க வாங்க" என்று வங்காளத்தில் அழைத்தாள். வெற்று அட்டையையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் தேதியை எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.