வெள்ளரளிப் பொட்டலம்

அப்பாவின் படத்துக்குப் போட, அவருடைய தங்கையான என் அத்தை ஆத்தூரிலிருந்து வெள்ளரளி மாலை கொண்டுவந்தார். ஈர வாழைநாரின் வாசனை மூக்கில் ஏறியதும், நாமக்கல் பக்கத்து எங்கள் மாரியம்மன் கோயிலில் போய் நின்றுவிட்டேன். எழுபதுகளின் கடைசி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு.

எங்கள் ஊரில் மல்லிகை தலைக்கு. அரளி, சாமியிடம் வாக்குக் கேட்க. ஆத்தூர் அரிசி மில்லில் வேலை பார்த்த ஒருவரை அத்தைக்குப் பிடித்துப் போயிருந்தது. பெரியப்பாவுக்குச் சம்மதமில்லை.

"பூக் கேட்டுப் பாக்கலாம். வெள்ளை வந்தா கட்டிக்கட்டும். சிவப்பு வந்தா இந்தப் பேச்சை இத்தோட விட்டரோணும்" என்றார்.

அண்ணன் முன்னால் அப்பா என்றைக்கும் வாய் திறந்ததில்லை. அன்று வெள்ளையும் சிவப்புமாகப் பூவை வாங்கி, திரும்பி உட்கார்ந்து, இலையில் இரண்டு பொட்டலம் மடித்துக் கட்டினார்.

இரண்டையும் அம்மன் முன்னால் வைத்து, "ஒண்ணு எடு சாமி" என்று என்னிடம் சொன்னார்கள். எடுத்தேன். வெள்ளை. அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மிச்சப் பொட்டலத்தைச் சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டுக் கிணற்றடியில் பிரித்தேன். அதிலும் வெள்ளை! அப்பாவிடம் ஓடினேன். அவர் பூவை வாங்கிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, "பெரியப்பங்கிட்டச் சொல்லீராத கண்ணு" என்றார்.

இத்தனை வருடம் காத்ததை இன்று கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கத்தை, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அத்தை மாலையைச் சரிசெய்தபடியே சொன்னார்: "எங்கண்ணன் வேட்டி மடிப்புல செவ்வரளி எட்டிப் பாத்துச்சு சாமி. அதப் பாத்துட்டுத்தான் அழுதேன்."