கறிக்குப் போன புறாக்கள்

என் அண்ணன் டவுன் பஸ் கண்டக்டர். அவன் ஊதிய விசில் டிரைவருக்குக் கேட்காமல் போக ஆரம்பித்தது, அப்படித்தான் வியாதியே தெரிந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆரணியில் எங்கள் மொட்டை மாடியில் நாற்பது புறா. எச்சமும் இறகுத் தூசும் ஒத்துக்கொள்ளாமல் வந்த வினை, முதலில் புறாவை விடுங்கள் என்றார்.

பலமாகத் தலையாட்டியவள் நான்தான். வேலூரில் ஒரு ஆய்வகத்தில் இந்தத் தழும்பை ஆராய்வதுதான் என் பிழைப்பு. நுரையீரல் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள நாரைப் பிடித்துக்கொள்ள இன்டெக்ரின் என்ற ஏற்பிகளை வைத்திருக்கின்றன. காயம் பட்டால் அவற்றில் சில பெருகி நாரை இழுக்கும். அந்த இழுப்பில், தழும்பு போடச் சொல்லும் புரதம் ஒன்று கட்டவிழும். தழும்பால் நார் விறைக்கும். விறைத்தால் இழுப்பு இன்னும் கூடும். சிலருக்கு, தூசு போன பிறகும் இது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடைசி வரியை மட்டும் அண்ணனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் புறாவை விடவே மாட்டான் என்று நினைத்தேன்.

முதலில் சேவூரில் இருக்கும் அவன் கூட்டாளிக்குக் கொடுத்தோம். அந்த மனுஷன் மறுநாளே கூண்டைத் திறந்துவிட, அத்தனையும் எங்கள் மாடிக்கே வந்து உட்கார்ந்துகொண்டன. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பில் வந்த இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவன் வேலைக்குப் போயிருந்தபோது எல்லாவற்றையும் பிடித்து வந்தவாசிக்குக் கொண்டுபோய்க் கறிக்கு விற்றுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், மூச்சு வந்தால் போதும் என்றிருந்தேன்.

அடுத்த ஸ்கேனில் தழும்பு இன்னும் பரவியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டில் வளர்த்த செல்லில் அந்த இழுப்பை எங்களால் நிறுத்த முடியும். மனுஷ நெஞ்சுக்குள் நிறுத்த இன்னும் மருந்தில்லை. வேகத்தைக் குறைக்கத்தான் மாத்திரை. இத்தனை வருஷம் படித்து என்ன கிழித்தேன், சே!

புறா போனாலும் சிலருக்கு நிற்காது என்பதை டாக்டரே அண்ணனிடம் சொல்லிவிட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணா. சொன்னா நீ புறாவ விடமாட்டேன்னு நெனச்சேன்."

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்.

"சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேம்மா. வளக்கறவன் எவனையாவது தேடி, உயிரோட குடுத்திருப்பேன்."