நடுவயலில் ஒரு கம்பம்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருந்தபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒல்லியான கறுத்த உருவம், இடுப்பில் வரிந்து கட்டிய சேலை. யார் எதைக் கேட்டாலும் கையில் இருக்கும் வேலையை முடிக்காமல் பதில் சொல்லமாட்டார்.

அந்த ஊரின் குடிதண்ணீர் மோட்டாருக்கு மின்சாரம் ஒரு பெரிய நிலக்காரரின் தென்னந்தோப்பு வழியாகத்தான் வந்தது. காற்றில் கம்பி அறுந்தால், அவர் தோப்பைத் திறந்துவிடும்வரை ஊருக்குத் தண்ணீர் கிடையாது. பக்கத்துக் கிராமமான பெருநகரிலிருந்து இன்னொரு லைன் கொண்டுவர நாங்கள் தயாராக இருந்தோம். ஆனால் நிலக்காரருக்குப் பயந்து, கம்பம் நட யாரும் இடம் தரவில்லை. அந்த அம்மாள்தான் தன் துண்டு நிலத்தின் நடுவே இடம் காட்டினார்.

குழி தோண்டும்போது நிலக்காரரே வந்து கத்தினார். "யாரக் கேட்டு இங்க கம்பம் நட்றீங்க?"

அம்மாள் குழிக்குள் இறங்கி, ஒரு கூடை மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்னக் கேட்டாங்க. இது எங்க நெலம்."

"ஏர் ஓட்ட ஆள் வேணாமா உனக்கு?"

"வரலன்னா மம்முட்டியால கொத்திக்கிறேன். ஊருத் தண்ணி உங்க தோப்புச் சாவியில கீதுன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது."

ஐப்பசிப் புயலில் தோப்பு லைன் விழுந்தது. எங்கள் லைனில் மோட்டார் ஓடியது. நிலக்காரர் வீட்டு வேலைக்காரியும் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். அம்மாள் விலகி அவளுக்கு இடம் விட்டார்.

"புடிச்சிக்கினு போ. எந்தக் கம்பத்துத் தண்ணின்னு மறக்காம அவராண்ட சொல்லு."

அடுத்த உழவுக்கு அம்மாளுக்கு ஏர் மாடு கிடைக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனாலும் கம்பத்தை எடுக்கச் சொல்லி அந்த அம்மாள் எங்களிடம் வரவே இல்லை.