பத்தொன்பதாவது நகர்த்தல்

எங்கள் வீட்டில் சதுரங்கக் காய்கள் யாரும் தொடாமலே நகரும். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிற தெருவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்கட்டில் நாங்கள் குடியிருந்தோம், பின்கட்டில் எட்டுத் தறிகள் ஓடின, நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். தறி ஓட ஓடத் தரை நடுங்கும், செம்புத் தண்ணீர் நடுங்கும், பலகையில் நிற்கிற குதிரையும் மந்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டத்தை விட்டு இறங்கி அடுத்த கட்டத்தின் கோட்டில் போய் நிற்கும். “ஏட்டி, அது என் கட்டம்”, “இல்ல, என் கட்டம்” என்று எனக்கும் செந்தில் அண்ணனுக்கும் நடக்காத சண்டை இல்லை. கடைசியில் பலகைக்கு அடியில் ஈரத்துண்டை விரித்துத்தான் ஆடினோம்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பலகையோடு வந்த சின்னத் தாளைப் படித்து இருவரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம் என்றாலும் பத்து ஆட்டத்தில் ஏழு ஆட்டம் அவன்தான் ஜெயிப்பான். தோற்றால் நான் காய்களை எல்லாம் வாரிக் கலைத்துவிடுவேன். அந்தக் குணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தறிச் சத்தத்தில் வாயால் பேசி ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான் நடக்கும். கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். காதைத் தொட்டால் வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். உள்ளங்கையை விரித்து நெஞ்சுக்கு நேரே குறுக்காக ஓர் இழுப்பு இழுத்தால் “நிறுத்து”. இந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் எதிர்க்கேள்வி கிடையாது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பாயும் “நாடா”வுக்குக் குறுக்கே கை போனால் விரல் மிஞ்சாது. “சைகையப் பாத்தா கை நிக்கணும். ஏன்னு அப்புறமா கேளு” என்பார் அப்பா. எங்கள் கைகள் அப்படியே பழகிப்போயின. சாப்பிடும்போது யாராவது விளையாட்டுக்குக் காட்டினால்கூட, பிசைந்த சோறு வாய்க்கு வரும் வழியில் நின்றுவிடும்.

நான் ஒன்பதாவது படித்த வருடம் திருநெல்வேலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாவட்டப் போட்டி வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான், தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட, பத்தாவது முடித்த அண்ணனை அப்பா அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். நல்ல மார்க் வாங்கியிருந்தவன். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்பா எனக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். “இந்த ஒரு தடவதாம்ட்டி. முதல் மூணு பேருல வந்தா மேல போ. வரலன்னா பலகையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுப் படிக்கிற வேலையப் பாரு.” பெண்பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்ற மனமில்லாமல் அண்ணனையும் கூட அனுப்பினார்.

கடைசிச் சுற்றில் தோற்காமல் இருந்தாலே போதும், மூன்றாவது இடம் எனக்கு. எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட, ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண்பிள்ளை. பார்க்க வந்தவர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நேர் எதிரே கயிற்றுக்கு அப்பால் அண்ணன் டிபன்பெட்டியோடு நின்றான். பத்தொன்பதாவது நகர்த்தல். அவளுடைய ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாய் காவலில்லாமல் நின்றது. ராணியால் அதை வெட்டுவது என்று முடிவு செய்து, எழுதிவிட்டு ஆடும் அன்றைய வழக்கப்படி தாளில் எழுதியும்விட்டேன். கை ராணிக்கு மேலே போன நேரம் தற்செயலாக நிமிர்ந்தேன். அண்ணனின் உள்ளங்கை நெஞ்சுக்கு நேரே குறுக்காகப் போனது.

கை நின்றுவிட்டது. நல்லவேளை, காயைத் தொடவில்லை; தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். எழுதியதை அடித்துவிட்டு, யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன். அதன் பிறகு என் மண்டைக்குள் ஆட்டம் இல்லை, அவன்தான் இருந்தான். எதற்குக் காட்டினான்? ஏதாவது பார்த்துவிட்டானா, இல்லை கெடுக்கிறானா? மறுபடி நிமிர்ந்து அவனைப் பார்க்கக்கூடாது என்று வீம்பாகக் குனிந்தே ஆடி, முப்பத்து நான்காவது நகர்த்தலில் தோற்றேன்.

பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே, “இவன் கையக் காட்டிக் கெடுத்துட்டான்” என்று கத்தினேன். “நான் எங்கட்டி காட்டினேன்? மூஞ்சில ஈ மொய்ச்சுது, ஓட்டினேன்” என்றான் அவன். “தோத்துட்டு வந்து அவன் மேல ஏம்ட்டி பழியப் போடுத?” என்று அம்மா என்னைத்தான் ஏசினாள். பலகை பரணுக்குப் போனது. எட்டு மாதம் ஒரே வீட்டில் அண்ணனோடு பேசாமல் இருந்தேன். பிறகு பேசினேன், ஆனால் வந்தியா, சாப்பிட்டியா என்கிற அளவில்தான். அவன் கல்யாணத்தில்கூட நான் மனம்விட்டுச் சிரிக்கவில்லை. இருபத்து நான்கு வருடம்!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா பீரோவை ஒழித்து, என் பழைய சான்றிதழ்களைக் கட்டாகக் கொடுத்தாள். நடுவில், திருநெல்வேலியில் நகர்த்தல்களை எழுதிய அந்த ஆட்டத் தாள். பத்தொன்பதில் அடித்த எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. போனில் ஒரு சதுரங்கச் செயலியை இறக்கி, கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலாக ஏற்றினேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சாட்சி தேவைப்பட்டது. அவன்தான் கெடுத்தான் என்று ஒரு இயந்திரமாவது என் பக்கம் நின்று சொல்லட்டும் என்றிருந்தது.

பதினெட்டு வரை இரண்டு பக்கமும் சமம். பத்தொன்பதில் முதலில் நான் ஆட நினைத்ததை, அந்த ராணி நகர்த்தலைப் போட்டுப் பார்த்தேன். செயலி சிவப்பு காட்டியது, தப்பான நகர்த்தல். ராணி கடைசி வரிசையை விட்டுப் போனதும் அவளுடைய யானை இறங்கி செக். என் மந்திரி குறுக்கே விழுந்தாலும் தாங்காது. மூன்றாவது நகர்த்தலில் செக்மேட். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காய்களைத் திரும்ப வைத்து நான்கு தடவை பார்த்தேன். பிறகு உண்மையில் ஆடிய யானை நகர்த்தலைப் போட்டேன். பச்சை. ஆட்டம் இன்னும் சமம். இருபது சமம், இருபத்தொன்று சமம். இருபத்தாறில்தான் எல்லாம் கவிழ்ந்தது: குதிரையை நான் யோசிக்காமல் முன்னால் தள்ள, அவள் அதைச் சும்மாவே வெட்டிவிட்டாள். அப்போது எனக்கு யாரும் சைகை காட்டவில்லை. நான்தான் நிமிரவே இல்லையே!

அப்படியென்றால் அவன் என்னைக் காப்பாற்றியிருக்கிறான். போட்டியில் சைகை காட்டுவது கள்ளத்தனம் என்பதால், காட்டினேன் என்று ஒப்புக்கொள்ளாமல் பழியையும் சுமந்திருக்கிறான். இல்லையென்றால் உண்மையிலேயே ஈதான் ஓட்டியிருக்கிறான். எப்படிப் பார்த்தாலும் தப்பு என் மேல்தான் என்று பட்டது.

மறுநாள் மாதாந்திர மின்தடை. எங்கள் வீட்டில் மனம்விட்டுப் பேச வேண்டியதெல்லாம் கரண்ட் இல்லாத நாளில்தான் பேச முடியும். பின்கட்டுக்குப் போனேன். அண்ணன் தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணே, அந்தத் திருநெல்வேலி ஆட்டத்துல தோத்ததுக்கு நீ காரணமில்ல. நான்தான் தெரியாம உன்னய இத்தன வருசமா... மன்னிச்சிரு.”

அவன் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் துணியில் கையைத் துடைத்தான்.

“நான் ஈ ஓட்டலட்டி” என்றான்.

“தெரியும்ணே. நல்லதுக்குத்தான காட்டின?”

“நீ தோக்கணும்னு காட்டினேன்.”

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “அங்கன இருந்து பலகையே தெரியல. நீ எந்தக் காயத் தொடப் போறன்னும் தெரியல. உன் கை போறது மட்டும்தான் தெரிஞ்சுது. நீ ஜெயிச்சா ஊர் ஊராப் போவ, நான் இங்கனயே அறுந்த நூல முடிஞ்சிட்டுக் கிடக்கணும்னு நெஞ்சு எரிஞ்சுது. கை தானா போயிட்டு. உன் பலகைய அப்பா பரண்ல ஏத்தும்போது, ஏணியப் பிடிச்சவனே நான்தாம்ட்டி. இன்னிக்கு வரைக்கும் நல்லா உறங்குனதில்ல.”

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. போனை நீட்டினேன். அவன் பத்தொன்பதை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தான். சிவப்பைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான். தாடி நரைக்கத் தொடங்கிவிட்ட அந்த மனிதன், “அப்ப நான் கெடுக்கலையாட்டி?” என்று கேட்டான்.

இருபத்தாறில் நான் ஏன் யோசிக்காமல் குதிரையைத் தள்ளினேன் என்று எனக்குத் தெரியும். அவன் மேலிருந்த ஆத்திரத்தில்தான் தள்ளினேன். அந்தக் கை அசையாமல் இருந்திருந்தால் பத்தொன்பதிலேயே செத்திருப்பேன். அசைந்ததால் இருபத்தாறில் செத்தேன். இதில் யார் யாரைக் கெடுத்தார்கள் என்று எந்தச் செயலி சொல்லும்?

“இல்லண்ணே, நீ கெடுக்கல” என்றேன்.

இப்போது மதுரையில் என் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எட்டுத் தறியில் நான்கு போய்விட்டன, அப்பா போய்விட்டார், பரணில் ஏறிய பலகை எங்கே போனதென்று அம்மாவுக்கே தெரியவில்லை. அதையெல்லாம்விட, இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த என் கோபத்தைத்தான் தேடுகிறேன், காணோம். அது இல்லாமல் அண்ணனோடு எப்படிப் பேசுவது என்று பிடிபடவில்லை.

அந்த ஆட்டத்தை அவன் தன் போனிலும் ஏற்றி வைத்திருக்கிறான். நேற்று கூப்பிட்டான். பின்னால் தறி ஓடிய சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே தெருவுக்கு வந்து மறுபடி பேசினான். “ஏட்டி, பத்தொன்பது சரி. அந்த இருபத்தாறுல குதிரைய எதுக்கு அப்படித் தள்ளின? நீ அப்படி ஆடுத ஆளே கிடையாதே?”

“தெரியலண்ணே, அவசரப்பட்டுட்டேன்” என்றேன்.

“சரிட்டி” என்று போனை வைத்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.