வேலுப்பிள்ளை அண்ணையின் தலைப்பா

கிர்ர், கிர்ர். படச்சுருளை அடுத்த படத்துக்குச் சுற்றும் அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. சூரியன் கடலை விட்டு ஏறும் சில நிமிடங்களுக்காக நாலு மணிக்கே எழும்பும் தொழில் இது. எழும்பிப் போனால் முகில் மூடியிருக்கும். விடியலில் கமரா தூக்கி அலைந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

கிட்ட இழுக்காத லென்ஸ்

அறுபதுகளில் திருகோணமலையில் ஒரு ஸ்ரூடியோவின் கலண்டருக்காகக் கடற்கரைப் படங்கள் எடுத்தேன். என் லென்ஸ் தூரத்தைக் கிட்ட இழுக்காது. நான்தான் நடக்க வேண்டும். ஒருநாள் ஒரு தோணியைப் பெரிதாக்க, டச்சுக்குடாவில் சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன். சிரிக்கும்போதும் அழுதுவிட்டு வந்ததுபோல் இருக்கும் முகம் எனக்கு. தோணிக்காரர் வேலுப்பிள்ளை அண்ணை பதறிக் கத்தினார்: "தங்கச்சி, என்ன கவலையெண்டாலும் கதைச்சுத் தீர்க்கலாம், கரைக்குப் போங்கோ!"

சாட்சி

பிறகு அவரே ஒரு படம் கேட்டு வந்தார். மீன் குறைந்த காலம். வெறுங்கையோடு வருகிறவர் கடலுக்குப் போகவில்லை, அன்புவழிபுரத்தில் காசு வைத்துக் கடதாசி விளையாடுகிறார் என்று மனைவி இராசம்மா முடிவு கட்டிவிட்டா. வெள்ளிக்கிழமைக்குள் சாட்சி இல்லையென்றால் பிள்ளைகளோடு குச்சவெளியில் தமையன் வீட்டுக்குப் போய்விடுவாவாம். தோணி, முகம், விடியல் மூன்றும் ஒரே படத்தில் வேண்டும்.

படம் என்றதும் அண்ணை துவாயால் கட்டியிருந்த தலைப்பாவை அவிழ்த்து, எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் சூரியன். கடல் தகதகத்தது; அவர் கரிக்கட்டையானார். படத்தை நெடுநேரம் பார்த்த இராசம்மா கேட்டா: "வடிவாய்க் கிடக்கு, பிள்ளை. ஆர் இந்த மனுசன்?"

முகம்

வியாழக்கிழமை சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னேன். அப்படியென்றால் நான் கடல்பக்கம் நிற்க வேண்டும். மறுபடியும் சேலையோடு தண்ணீர். முகம் மச்சம்வரை தெளிவாக விழுந்தது. சூரியன் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இராசம்மா படத்தைத் திருப்பித் தந்தா: "இவர்தான், ஓம். விடியக்காலமெண்டு ஆர் கண்டது?"

ஏழு மணி பஸ்

வெள்ளிக்கிழமை விடியுமுன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குச்சவெளிக்கு ஏழு மணி பஸ். பெட்டி கட்டியாயிற்று, பிள்ளைகளுக்குச் சட்டையும் போட்டாயிற்று. "படம் எடுக்க எனக்கு ஏலாது. நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கெஞ்சிக் கூட்டிவந்தேன். எல்லோரும் மணலில் நின்றோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சூரியன் ஏறியது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு தோணி, கறுப்பாக ஒரு ஆள். கண் மூக்கு எதுவும் தெரியவில்லை.

இராசம்மா பெட்டியைக் கீழே வைத்தா: "அந்தாள்தான். இவ்வளவு கோணலாய்த் தலைப்பா கட்டுற மனுசன் இந்த ஊரிலை வேறை ஆர்?"

முகத்துக்காக இன்னொரு சேலையையும் உப்புத் தண்ணீரில் பாழாக்கினேன், தேவைப்பட்டதோ அவர் அவிழ்த்து வைத்த துவாய். அந்தக் கரிக்கட்டைப் படம் கலண்டரில் வந்தது. இராசம்மா குச்சவெளிக்குப் போகவில்லை.